பிரசவ வலிக்கு முதுகில் ஊசி: பயமும் உண்மையும்

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபர் வார்டு வாசல். உள்ளே, வலி எடுத்து ஆறேழு மணி நேரம் ஆகிவிட்ட ஒரு பெண். சிஸ்டர் கையில் படிவத்தோடு வெளியே வருகிறார். “எபிடூரல் கேக்கறாங்க. போட்டுடலாமா? இதுல ஒரு சைன் பண்ணுங்க.” கணவர் படிவத்தை வாங்கிக்கொண்டு தன் அம்மாவைப் பார்க்கிறார். “முதுகுத்தண்டுல ஊசியா? வேணாம்ப்பா. ஆயுசு பூரா இடுப்பு வலி வந்துடும். நாங்கல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?” சேலத்தில் இருக்கும் அத்தைக்கு ஒரு போன். நர்ஸ் வேலை பார்க்கும் சித்தி மகளுக்கு இன்னொரு போன்.

அதற்குள் உள்ளே இருப்பவளுக்கு இரண்டு வலி வந்து போயிருக்கும். கேட்டவள் அவள். வலி அவளுடையது, உடம்பும் அவளுடையது. பேச்சோ முழுக்க வெளியே நடக்கிறது. அதுவும் பாதிக்குப் பாதி தவறான தகவல்களை வைத்துக்கொண்டு. ஜெயநகர், கோரமங்களா, ஒயிட்ஃபீல்டு என்று எந்தப் பக்கத்து மருத்துவமனையிலும் இந்தக் காட்சி நடக்கிறது. எபிடூரல் போடும்போது என்ன நடக்கும், அதனால் என்ன நன்மை, என்ன சிக்கல் என்பதையெல்லாம் எட்டாவது மாதத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி வைத்துவிட்டால், அந்த ராத்திரியில் யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

ஒரே ஊர், இரண்டு வரிசை

பெங்களூரின் பிரசவ வரலாறு பெரியது. குட் ஷெப்பர்டு சபை கன்னியாஸ்திரீகள் தொடங்கிய செயின்ட் மார்த்தாஸ் மருத்துவமனை 1886-லிருந்து இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில், விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி இருக்கும் வாணி விலாஸ் 1935-ல் வந்தது. மைசூர் மகாராணியின் பெயர் தாங்கியது. சிவாஜிநகரில் கோஷா ஆஸ்பத்திரி. சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையும் இந்த அரசு வார்டுகளில் பிறந்த வீடுகள் ஏராளம்.

பிறகு ஐ.டி. காலம் வந்தது. 2007-ல் ஜெயநகரில் கிளவுட்நைன் தொடங்கியது. அதையடுத்து தாய்-சேய் நலத்துக்கென்றே தனியார் மருத்துவமனைகள் நகரெங்கும் வந்தன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமும் மாறியது. இப்போது அம்மாக்கள்தான் ஊறுகாய் பாட்டிலோடும் பிரசவ லேகியத்தோடும் பெங்களூருக்கு வந்து இறங்குகிறார்கள். மகள் போய்வரும் மருத்துவமனையின் பிரசவ வகுப்பில் ‘வலியில்லா பிரசவம்’ என்று விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அம்மாவுக்கு அது புரியாத புது விஷயம். மகளுக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயம்.

அந்த விளம்பர வாசகத்தையே முதலில் திருத்த வேண்டும். எபிடூரல் போட்டால் வலி வெகுவாகக் குறையும். இறுக்கம் தெரியும், கீழே அழுத்தம் தெரியும், குழந்தை இறங்குவது தெரியும். தெரியவும் வேண்டும், அப்போதுதான் முக்க முடியும். ஒன்றுமே தெரியாது என்று நம்பிப் போகிறவர்கள், கடைசியில் அந்த அழுத்தம் வரும்போது ‘ஊசி வேலை செய்யலையே’ என்று பதறிப்போகிறார்கள்.

ஊசி எங்கே போகிறது?

பிரசவ வலி இரண்டு வழியாக மூளைக்குப் போகிறது. கர்ப்பப்பை சுருங்குவதும் அதன் வாய் திறப்பதும் தரும் வலியை அடிமார்பு, மேல் இடுப்புப் பகுதி நரம்புகள் சுமந்து செல்கின்றன. குழந்தை பிறப்புப் பாதையில் இறங்கும்போது வரும் வலி இடுப்பின் அடிப்பகுதி நரம்புகள் வழியாகப் போகிறது. இந்த நரம்புகள் எல்லாம் முதுகெலும்புக்குள் நுழையும் இடத்தில், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே, ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. எபிடூரல் மருந்து அங்கே போகிறது. தண்டுவடத்துக்குள் போவதில்லை.

பெரியவர்களுக்குத் தண்டுவடமே இடுப்பின் முதலாவது, இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது பெரும்பாலும் அதற்கும் கீழே, மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவில். ‘தண்டுவடத்துல குத்திடுவாங்க’ என்ற பயத்துக்கு உடற்கூறே பதில் சொல்கிறது.

சிசேரியனுக்குப் போடும் ‘முதுகு ஊசி’ வேறு. அது ஸ்பைனல். உறையைத் தாண்டி உள்ளே இருக்கும் நீரில் ஒரே தடவை மருந்தைச் செலுத்திவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே மரத்துப்போகும். ஓரிரு மணி நேரத்தில் விட்டுப்போகும். எபிடூரலில் ஒரு குழாயை வைத்துவிடுவதால், பிரசவம் எத்தனை மணி நேரம் நீண்டாலும் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம். இரண்டையும் கலந்து, முதலில் சிறிதளவு ஸ்பைனல், கூடவே எபிடூரல் குழாய் என்று செய்வதும் உண்டு.

அந்த இருபது நிமிடம்

நீங்கள் கேட்டதும் மயக்க மருந்து நிபுணர் வருவார். பழைய நோய்கள், ஒவ்வாமை, முதுகில் செய்த அறுவை சிகிச்சை, ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் ஊசி பற்றிக் கேட்பார். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார். கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறினால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். பெங்களூர் வார்டுகளில் தமிழ் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பார். தப்பாகப் புரிந்துகொண்டு தலையாட்டுவதுதான் ஆபத்து.

கையில் டிரிப்ஸ் ஏற்றியபின் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்வார்கள். கால்கள் ஸ்டூலில், மடியில் தலையணை, முகவாய் நெஞ்சைத் தொட, முதுகைப் பின்னால் வளைத்துத் தள்ள வேண்டும். நிறைமாத வயிற்றோடு இப்படிக் குனிவது கஷ்டம்தான். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரிவதற்கு அது தேவை. உட்கார முடியாதவர்களை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். முதுகைக் கிருமிநாசினியால் துடைக்கும்போது ஜில்லென்றிருக்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பை இரண்டு பக்கமும் விரலால் தடவி, அந்தக் கோட்டை வைத்து இடத்தைக் குறிப்பார்கள். முதல் ஊசி தோல் மரத்துப்போவதற்கு. சுருக்கென்று எரியும். பெரும்பாலான பெண்களுக்கு வலிக்கிற ஊசி இது ஒன்றுதான்.

அதற்கடுத்து வருவது எபிடூரல் ஊசி. டுவோஹி ஊசி என்று பெயர். முனை லேசாக வளைந்திருக்கும். உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சை அதில் மாட்டி, கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே நகர்த்துகிறார் டாக்டர். தோல், கொழுப்பு, அதற்கடியில் கெட்டியான தசைநார்கள். தசைநாருக்குள் ஊசி இருக்கும்வரை சிரிஞ்சு இறங்காது, கட்டைவிரலை எதிர்த்து நிற்கும். கடைசித் தசைநாரைத் தாண்டி இடைவெளிக்குள் நுழைந்த கணத்தில் எதிர்ப்பு போய்விடும். உப்புநீர் தானாக உள்ளே போகும். ஸ்கேன் இல்லாமல், விரல் நுனி உணர்வை மட்டும் வைத்துச் செய்யும் வேலை இது. இத்தாலிய மருத்துவர் டோக்லியோட்டி 1930-களில் பரப்பிய முறை. இன்றைக்கும் இதுதான் வழக்கம்.

இந்த நேரத்தில் வலி வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “டாக்டர், வலி வருது” என்றால் போதும், அவர் கையை நிறுத்திக்கொள்வார். அசையாமல் இருப்பது ஒன்றுதான் உங்கள் வேலை. எதிரே ஒரு சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இடம் கிடைத்ததும் ஊசிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைப்பார்கள். அப்போது ஒரு காலில் பளீரென்று மின்சாரம் பாய்ந்தது போல இருக்கலாம், உடனே சொல்லுங்கள். ஊசியை உருவி எடுத்துவிடுவார்கள். முதுகில் மிஞ்சுவது குழாய் மட்டும்தான். அதை முதுகோடு சேர்த்துத் தோள்வரை பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால், மல்லாந்து படுக்கலாம், புரளலாம். ‘பிரசவம் முடியறவரைக்கும் முதுகுல ஊசி குத்திக்கிட்டே இருக்கும்’ என்று நினைத்து வேண்டாம் என்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்: ஊசி இருக்காது.

பிறகு சோதனைக்குக் கொஞ்சம் மருந்து. “காதுல ஏதாவது இரையுதா? நாக்கு மரத்த மாதிரி இருக்கா? கால் திடீர்னு கனமாயிடுச்சா?” என்று கேட்பார்கள். குழாய் ரத்தக்குழாய்க்குள்ளோ உறைக்குள்ளோ போய்விடவில்லை என்று உறுதிசெய்யும் கேள்விகள் அவை. எல்லாம் சரி என்றால் முழு மருந்தும் போகும். 15 முதல் 20 நிமிடத்தில் வலியின் உச்சி மழுங்க ஆரம்பிக்கும். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வயிற்றிலும் தொடையிலும் வைத்து, ஜில்லென்று தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். ஒரு பக்கம் வலி நின்று மறுபக்கம் நிற்காமல் இருப்பதும் உண்டு. குழாயைச் சற்று வெளியே இழுத்தாலோ மருந்து கூட்டினாலோ பெரும்பாலும் சரியாகும். சில சமயம் மறுபடியும் போட வேண்டிவரும்.

மருந்து மாறியது, கதை மாறவில்லை

‘எபிடூரல் போட்டா கால் அசையாது, முக்க முடியாது, கடைசியில ஆயுதம் வெச்சு எடுப்பாங்க’ என்பது காற்றில் பிறந்த பேச்சு இல்லை. ஒரு காலத்தில் உண்மையாகவே மருந்தின் அடர்த்தி அதிகம். இன்று பியூபிவாக்கெய்ன் அல்லது ரோபிவாக்கெய்னை 0.1 சதவீதம் அளவுக்கு, சில இடங்களில் அதற்கும் குறைவாக நீர்க்கச் செய்து, துளி ஃபென்டனில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குத் தரும் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. வலி நரம்புகள் அடங்கும். தசைகளின் பலம் பெரும்பாலும் மிஞ்சும்.

பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2001-ல் வெளியான காமெட் ஆய்வில், பழைய முறை எபிடூரல் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு ஆயுதம் வைக்காமல், அறுவை இல்லாமல் பிரசவம் ஆனது. குறைந்த அளவு மருந்து பெற்றவர்களில் அது 43 சதவீதம். மருந்தைக் குறைத்ததால் மட்டும் வந்த வித்தியாசம் இது. பெங்களூரில் ‘வாக்கிங் எபிடூரல்’ என்று சொல்வது இந்தக் குறைந்த அளவு முறையைத்தான். நடக்கலாம் என்று பெயரில் இருந்தாலும், கால் வலுவைச் சோதித்துப் பார்க்காமல் எழுந்து நடக்கக் கூடாது. பல மருத்துவமனைகள் கட்டிலை விட்டு இறங்க விடுவதே இல்லை.

மருந்து ஒரு பம்ப் வழியாகத் தொடர்ந்து போகும், அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் போகும். சில இடங்களில் உங்கள் கையிலேயே ஒரு பட்டன் கொடுப்பார்கள். வலி தலைகாட்டும்போது அழுத்தினால் கொஞ்சம் மருந்து வரும். எத்தனை முறை அழுத்தினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வராதபடி பூட்டு இருக்கும். அந்தப் பட்டனை நீங்கள் மட்டும்தான் அழுத்த வேண்டும். பாசத்தில் கணவரோ அம்மாவோ அழுத்தக் கூடாது.

இடுப்பு வலி என்ற பழி

எபிடூரல் பற்றி நம் வீடுகளில் உள்ள முதல் பயம் இது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்திருக்கின்றன. 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எபிடூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்ட கால முதுகு வலியில் வித்தியாசம் இல்லை. சிசேரியன் விகிதத்திலும் வித்தியாசம் இல்லை. பிறந்த குழந்தையின் நிலையிலும் பாதிப்பு இல்லை.

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும். அது கன்றிப்போன இடம்போல வலித்து ஆறிவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்குக் காரணம் வேறு. கர்ப்ப காலத்தில் மூட்டு இணைப்புகள் தளர்கின்றன, வயிறு முன்னே இழுக்க இடுப்பு பின்னே வளைகிறது, பெற்ற பிறகு கூனிக்கொண்டு பால் கொடுக்கிறோம், தூக்கமே இல்லாமல் குழந்தையைச் சுமக்கிறோம். ஊசியே போட்டுக்கொள்ளாத பாட்டிகளுக்கும் இடுப்பு வலி இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பின் வலியைப் பற்றிப் பேச நம் வீடுகளில் இடமில்லாமல் போனதால், கண்ணில் பட்ட ஒரே ஊசியின்மேல் எல்லாப் பழியும் விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

சிசேரியன் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8. எபிடூரல் போட்டுக்கொள்ளும் பெண்கள் மிகச் சிலரே உள்ள நாட்டில் வந்த எண்கள் இவை. நம் ஊர் சிசேரியன்களுக்கு எபிடூரலைக் காரணம் காட்ட வழியே இல்லை. வலிக்குப் பயந்து ‘ஆபரேஷனே பண்ணிடுங்க’ என்று கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். வலி குறையும் என்று தெரிந்தால் அவர்களில் சிலராவது சுகப்பிரசவத்துக்குக் காத்திருப்பார்கள்.

சிக்கல்கள் எவை, எத்தனை பேருக்கு?

பயத்தைப் போக்குவது என்றால் சிக்கலை மறைப்பது என்று பொருள் இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மயக்க மருத்துவர் சங்கம் கர்ப்பிணிகளுக்குத் தரும் எண்களையே இங்கே தருகிறேன்.

8 பேரில் ஒருவருக்கு எபிடூரல் போதிய அளவு வேலை செய்யாது. வேறு வழியும் சேர்த்துத் தேட வேண்டிவரும். 50 பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கவனிக்கத்தக்க அளவு இறங்கும். அதனால்தான் போட்ட உடனே சில நிமிடங்களுக்கு ஒருமுறை பி.பி. பார்க்கிறார்கள், குழந்தையின் இதயத்துடிப்பை சி.டி.ஜி. கருவியில் கவனிக்கிறார்கள். குமட்டினாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும். இடப்பக்கம் திருப்பி, மருந்து கொடுத்தால் ஏறிவிடும். உடம்பு நடுங்கலாம், அரிக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். சிறுநீர் முட்டுவது தெரியாது என்பதால் குழாய் வைத்து எடுத்துவிடுவார்கள். முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம்.

100 பேரில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரும். ஊசி உறையில் பட்டு நீர் கசிவதால் வருவது. நம் வீடுகளில் இதைத் தவறவிடுகிறோம் என்பதால் இதற்கு அடையாளம் சொல்கிறேன். பிரசவமான ஓரிரு நாளில் தொடங்கும். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் குறையும். பச்சை உடம்புக்காரி தலைக்கு ஊற்றிக்கொண்டாள், ஃபேனுக்கு நேராகப் படுத்தாள், அதனால்தான் என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தண்ணீரும் மாத்திரையும் போதாவிட்டால், அந்தப் பெண்ணின் கையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்து அதே இடத்தில் முதுகில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். பலருக்கு அன்றைக்கே தலைவலி விட்டுப்போகும்.

நரம்புப் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது 13,000 பேரில் ஒருவருக்கு. கால் செயலிழப்பது போன்ற பெரும் பாதிப்பு 2,50,000 பேரில் ஒருவருக்கு. ஊசி போட்ட பிறகு வரும் நாட்களில் காய்ச்சலோடு முதுகு வலி, கழுத்து இறுக்கம், கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடின்மை இவற்றில் ஏதாவது வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எல்லோருக்கும் போட முடியாது என்பதும் உண்மை. தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமை உள்ளவர்கள், ஹெப்பாரின் வகை ஊசியைச் சமீபத்தில் போட்டுக்கொண்டவர்கள், ஊசி போடும் இடத்திலோ ரத்தத்திலோ கிருமித்தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்குத் தவிர்ப்பார்கள். கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கோ, தட்டணுக்கள் சரியாக இருந்தால், எபிடூரல் நல்லது என்றே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

எப்போது கேட்கலாம்? நான்கு சென்டிமீட்டர் திறக்கட்டும் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை; வலி எடுத்துப் பிரசவம் தொடங்கிவிட்டது என்று உறுதியானால் கேட்கலாம். முழுதாகத் திறந்து குழந்தை வந்துகொண்டிருக்கும்போது கேட்டால் நேரம் இருக்காது. நடுவில் அவசரமாக சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயில் அடர்த்தியான மருந்து கொடுத்து அறுவை செய்துவிடலாம் என்பது எபிடூரலின் பெரிய வசதி. முழு மயக்கம் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பெற்ற பிறகு குழாயை உருவிவிடுவார்கள். மரத்துப்போனது விட சில மணி நேரம் ஆகும். முதல் முறை பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போகாதீர்கள். பால் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

வலியைப் பெருமையாக்கியது யார்?

1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் முதலில் ஈதரையும் பிறகு குளோரோஃபார்மையும் பிரசவத்துக்குக் கொடுத்தபோது, பெண் வேதனைப்பட்டுப் பெறுவதே விதி என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1853-ல் விக்டோரியா மகாராணி இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது ஜான் ஸ்நோ குளோரோஃபார்ம் கொடுத்தார். அதன்பின் எதிர்ப்பு தளர்ந்தது. ஸ்பெயின் ராணுவ அறுவை மருத்துவர் ஃபிடல் பாஹெஸ் 1921-ல் இடுப்பு எபிடூரலை எழுதி வெளியிட்டார். 1947-ல் கியூபாவின் மார்ட்டினெஸ் குர்பெலோ குழாயை உள்ளேயே வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறந்த குழந்தையின் நிலையை அளக்க உலகமே பயன்படுத்தும் ஆப்கர் மதிப்பெண்ணை உருவாக்கிய வர்ஜினியா ஆப்கரும் மயக்க மருந்து நிபுணர்தான். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று கருதப்படும் ரூபாபாய் ஃபர்துன்ஜி நம் ஐதராபாத்தில் பணிபுரிந்தவர்.

நம் பக்கத்தில் வலியைத் தணிக்க வழியே இல்லாமல் இருக்கவில்லை. மருத்துவச்சிகள் இடுப்பைத் தேய்த்துவிட்டார்கள், வெந்நீர் ஊற்றினார்கள், நடக்கவிட்டார்கள், கூடவே இருந்தார்கள். தும்கூர் மாவட்டம் பாவகடாவின் சூலகித்தி நரசம்மா 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் காசு வாங்காமல் பார்த்தவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்று, அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் காலமானார். பெண்ணின் வலியைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை அந்தக் கைகளில் இருந்தது. மருத்துவமனைக்கு மாறியபோது அந்த அக்கறையைப் பல வார்டுகளில் தொலைத்துவிட்டோம். ‘கத்தாதே, எல்லாரும்தான் பெத்துக்கறாங்க’ என்ற அதட்டல் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

எபிடூரல் இல்லாமல் பெற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணும் சரிதான். அவளை யாரும் வற்புறுத்தக் கூடாது. பிரசவம் வேகமாக நடப்பவர்களுக்கு அது தேவைப்படாமலும் போகலாம். வேண்டும் என்பவளுக்கு மறுப்பதுதான் தவறு.

கையெழுத்து யாருடையது?

வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே சம்மதம். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். படிவத்தில் கணவரின் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கலாம். அது மருத்துவமனையின் வழக்கம். ‘வேண்டும்’ என்று அவள் சொன்ன பிறகு வெளியே வாக்கெடுப்பு நடத்த எவருக்கும் உரிமை இல்லை.

உரிமை இருந்தாலும் ஊசி போட ஆள் வேண்டுமே. பெரிய தனியார் மருத்துவமனைகளில் மயக்க மருந்து நிபுணர் இரவும் பகலும் இருப்பார். சின்ன நர்சிங் ஹோமில் அழைத்தால் வருவார். சில்க் போர்டு பக்கம் வண்டிகள் நகராத சாயங்காலத்தில் அவர் வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிடும். கட்டணமும் பல இடங்களில் பேக்கேஜுக்கு வெளியே தனியாக வருகிறது.

அரசு மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் கடினம். ஒரு எபிடூரல் போட்டால் அந்தப் பெண்ணைக் கடைசிவரை கவனிக்க ஆள் வேண்டும். அங்கே இருக்கும் சில மயக்க மருந்து நிபுணர்களோ ஒன்று மாற்றி ஒன்றாக அவசர சிசேரியன்களில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆரோக்கியமான கர்ப்பிணி வலி நிவாரணம் கேட்டால் எபிடூரலைப் பரிந்துரைத்திருக்கிறது. அதில் பணக்காரப் பெண், ஏழைப் பெண் என்ற பிரிவு இல்லை. கர்நாடகத்தில் நூற்றுக்கு 97 பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பெண்களை மருத்துவமனைக்கு வரவழைப்பதில் அரசு வென்றுவிட்டது. வந்தவர்களின் வலியைக் கவனிப்பது அடுத்த கடமை.

அதுவரை செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பிரசவத்தின்போது பெண் ஒருவர் துணைக்கு இருக்க அரசு மருத்துவமனைகளில் மத்திய அரசு 2016-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. 2017-ல் வந்த லக்ஷ்யா திட்டமும் மரியாதையான பிரசவ கவனிப்பை வலியுறுத்துகிறது. இரண்டையும் கேட்டுப் பெறுங்கள். வலியோடு நடக்கவும் உட்காரவும் அனுமதி கேளுங்கள். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சமபாதி கலந்த என்டோனாக்ஸ் வாயு இருக்கிறதா என்று கேளுங்கள். எபிடூரல் அளவுக்கு இல்லாவிட்டாலும் உதவும். லேபர் வார்டுகளில் போடும் எபிடோசின் என்ற ஊசியை எபிடூரல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது கர்ப்பப்பை வாய் திறப்பதற்காகத் தரும் மருந்து.

எட்டாவது மாத செக்கப்புக்குப் போகும்போது கணவரையும், முடிந்தால் அம்மாவையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மயக்க மருந்து நிபுணர் 24 மணி நேரமும் இங்கேயே இருப்பாரா, எபிடூரலுக்குக் கட்டணம் தனியா, எவ்வளவு அடர்த்தியில் மருந்து தருகிறீர்கள், போட்ட பிறகு யார் கவனிப்பார்கள் என்று அவர்கள் காதில் விழும்படி கேளுங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் அதை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அந்த நாளில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் உங்களுடையதுதான்.